வாளோடு வந்தவர், இனிப்புப் பெட்டியோடு வருபவர்

ஜப்பானில் ஆசிரியரை 'சென்செய்' என்பார்கள், கொரியாவில் 'சொன்செங்நிம்'. காதுக்கு இரண்டும் வேறு. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சீன எழுத்துகள்தான், 'முன்னால் பிறந்தவர்' என்று அர்த்தம். கொரியர்கள் கூடவே 'நிம்' என்று ஒரு மரியாதை விகுதியை ஒட்டிக்கொள்கிறார்கள். இப்படி ஆசிரியருக்கு ஒரே சொல்லை வைத்திருக்கிற இரண்டு நாட்டுக்காரர்கள், ஒருவர் பள்ளிக்கு ஒருவர் போய் வருவதில் என்ன பெரிய விஷயம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். தோண்டிப் பார்த்தால், ஒரு ஜப்பானிய ஆசிரியை கொரியாவில் இருக்கும் தன் கூட்டுப் பள்ளிக்கு இரண்டு நாள் போய் வருவதற்குள் நூறு வருஷச் சமாசாரம் மடங்கிக் கிடக்கிறது.

அந்த ஆசிரியை ஃபுகுவோகாவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். போகிற ஊர் பூசான். ஃபுகுவோகாவிலிருந்து பூசான் கடல் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அவருடைய சொந்தத் தலைநகரான டோக்கியோவோ அதைப்போல நாலு மடங்குக்கும் மேல் தூரம். நடுவில் கிடக்கும் த்சுஷிமா தீவின் வடக்கு முனையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் பூசான் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும், ஐம்பது கிலோமீட்டர்தான். இரண்டு நாட்டுக்கும் கடிகாரமும் ஒன்று, நிமிஷ வித்தியாசம்கூடக் கிடையாது. இங்கே முதல் பீரியட் மணி அடிக்கும்போது அங்கேயும் கிட்டத்தட்ட அதே நேரம் என்பதால், இணையம் வழியாக இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைப்பதற்கு இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

இப்படிச் சேர்ந்த பள்ளிகளுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷிமாய்கோ', கொரியர்கள் சொல்வது 'சாமே ஹக்யோ'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'அக்கா தங்கைப் பள்ளி'. யார் அக்கா, யார் தங்கை என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது. இரண்டு நாடுகளும் தூதரக உறவை மறுபடி ஏற்படுத்திக்கொண்டதே 1965-ல்தான். மூன்று வருஷம் கழித்து, 1968-ல், ஜப்பானின் ஹாகியும் கொரியாவின் உல்சானும் கைகோத்தன, இரு நாட்டு நகரங்களுக்கு இடையே முதல் உடன்பாடு அது. 1970-ல் ஷிமோனோசேகிக்கும் பூசானுக்கும் நடுவே கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தது. 1976-ல் அந்த இரண்டு ஊர்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பள்ளிகளுக்கு இடையிலான உறவும் பல இடங்களில் இந்த நகர உறவுகளின் நிழலில் வளர்ந்ததுதான். தலைமையாசிரியர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கும் படம் ஒன்று பள்ளி நடைவழியில் சட்டம் போட்டுத் தொங்கும்.

சரி, மாணவர்களை அழைத்துக்கொண்டு போகாமல் ஆசிரியை மட்டும் ஏன் போகிறார்? ஜப்பானியப் பள்ளிகளில் 'ஷிதமி' என்று ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவதற்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. பேருந்து எங்கே நிற்கும், கழிப்பறை எத்தனை, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பையனுக்கு மதியம் என்ன கொடுப்பார்கள் என்பதெல்லாம் நோட்டில் ஏறும். கொரியாவிலும் இதே வேலை உண்டு, 'சாஜொன் தப்சா' என்று பெயர். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஜப்பானியர் சொல்கிற 'ஷூகாகு ரியோக்கோ'வும் கொரியர் சொல்கிற 'சுஹக் யொஹெங்'கும்கூட ஒரே எழுத்துகள்தான். இதில் ஒரு கசப்பு இருக்கிறது. பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட சொற்கள் இப்படி ஒன்றுபோல இருப்பதற்குச் சீன எழுத்துகள் பாதிக் காரணம்; மீதிப் பாதிக் காரணம், கொரியாவில் நவீனப் பள்ளிக்கூடம் பரவிய காலத்தில் அதை நடத்தியவர்கள் ஜப்பானியர்கள்.

1910-ல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. அடுத்த பத்து வருஷம் அங்கே நடந்தது ராணுவ ஆட்சி, அதன் சின்னங்களில் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே இருந்தது: வகுப்புக்கு வரும் ஆசிரியர் சீருடை போட்டு, இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு வந்தார். கதைக்காகச் சொல்லவில்லை, அது அரசு விதித்த உடை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வாள் எதற்கு என்று கேட்கலாம். கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 1919 மார்ச் 1 எழுச்சி வெடித்து, ஆட்சி தன் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டி வந்த பிறகுதான் அந்த வாள் வகுப்பறையை விட்டு வெளியேறியது.

வாள் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1929 அக்டோபர் 30 அன்று க்வாங்ஜுவிலிருந்து நாஜுவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகும் ரயிலில் ஜப்பானிய மாணவர்கள் சிலர் கொரிய மாணவிகளின் பின்னலைப் பிடித்து இழுத்து வம்பு செய்தார்கள். நாஜு நிலையத்தில் இறங்கியதும் அடிதடி. நான்கு நாள் கழித்து, நவம்பர் 3-ல், க்வாங்ஜுவில் மாணவர்கள் தெருவில் இறங்க, அது நாடு முழுக்கப் பரவி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்த எழுச்சியாயிற்று. நவம்பர் 3 அன்றைய ஜப்பானியப் பேரரசில் மெய்ஜி சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விழா, கொரியப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கொண்டாடியாக வேண்டும். இன்றைக்கு அதே தேதி ஜப்பானில் 'பண்பாட்டு நாள்' என்று அரசு விடுமுறை. கொரியாவில் மாணவர் விடுதலைப் போராட்ட நினைவு நாள். விடுமுறையாயிற்றே, கொரியப் பள்ளிக்கு ஒரு நடை போய் வருவோம் என்று ஒரு ஜப்பானிய ஆசிரியர் வெள்ளந்தியாக அந்தத் தேதியைக் குறித்தால், அவர் போய் இறங்குவது எந்த நாளில் என்பது அங்கே போனபிறகுதான் தெரியும்.

1930-களின் கடைசியில் நிலைமை இன்னும் இறுகியது. 1938-ல் வந்த கல்வி ஆணை கொரிய மொழியை விருப்பப் பாடமாக்கியது, சில வருஷங்களில் அது வகுப்பறையிலிருந்தே காணாமல் போனது. 1940-ல் குடும்பப் பெயர்களை ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். 1941-ல் தொடக்கப் பள்ளிகளுக்குப் பேரரசின் குடிமக்களை வார்க்கும் 'குடிமக்கள் பள்ளி' என்று பெயர் வந்தது, கொரிய உச்சரிப்பில் 'குங்மின் ஹக்யோ'. 1945-ல் ஜப்பான் போய்விட்டது, அந்தப் பெயர் மட்டும் 1996 வரைக்கும் கொரியப் பள்ளிப் பலகைகளில் இருந்தது. அப்புறம்தான் 'சோதுங் ஹக்யோ', அதாவது தொடக்கப் பள்ளி, என்று மாற்றினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கொரிய ஆசிரியர் ஒருவர் தான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயரைச் சொன்னால் அதில் பழைய பேரரசின் வாசம் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று 1944-ல் நடந்தது. ஜொல்லா, சுங்சொங் மாகாணங்களிலிருந்து சுமார் 300 சிறுமிகள் ஜப்பானின் நாகோயாவில் இருந்த மிட்சுபிஷி விமானத் தொழிற்சாலைக்குப் போனார்கள். பதின்மூன்று, பதினான்கு வயது. போனால் மேல்படிப்புப் படிக்கலாம், சம்பளமும் உண்டு என்று பள்ளியில் சொன்னார்கள், சொன்னவர்கள் நம் ஆசிரியர்கள் என்பதால் நம்பினோம் என்று அவர்களில் பலர் பிற்காலத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். படிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 7-ல் வந்த நிலநடுக்கத்தில் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து அவர்களில் ஆறு பேர் செத்தே போனார்கள்.

நாற்பது வருஷம் கழித்து நாகோயாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர் இந்த நிலநடுக்கச் சாவுகளைப் பற்றித் தேட ஆரம்பித்தார். செத்தவர்கள் பட்டியலில் கொரியச் சிறுமிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்களுடைய உண்மையான பெயர் என்ன, வீடு எங்கே என்று கொரியாவுக்கே போய்க் குடும்பங்களைத் தேடினார். 1988-ல் தொழிற்சாலை இருந்த இடத்தில் நினைவுக்கல் வைத்தபோது அதில் அந்த ஆறு பேரின் பெயரும் ஏறியது. உயிரோடு இருந்தவர்கள் 1999-ல் நாகோயா நீதிமன்றத்தில் போட்ட வழக்குக்கு அவரும் அவர் நண்பர்களும் கூடவே நின்றார்கள். 2008-ல் ஜப்பானின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பிறகு க்வாங்ஜுவில் மறுபடி தொடங்கிய வழக்கில் 2018 நவம்பர் 29-ல் கொரிய உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு ஜப்பானிய ஆசிரியர் கொரியாவுக்குப் போவது பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். கூட்டுப் பள்ளி ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லாமல் போனவர்.

பழைய காலத்திலும் நல்ல மாதிரிகள் இல்லாமல் இல்லை. அசகாவா நொரிதகா என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் 1913-ல் கொரியத் தலைநகர் சோலுக்கு மாற்றலாகிப் போனவர்; பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நேரம் போக ஜோசொன் அரச வம்சக் காலத்து வெள்ளைப் பீங்கானைத் தேடித் தேடி ஊர் ஊராக அலைந்தார். அவர் தம்பி தகுமியின் கல்லறை இன்றும் சோலின் மங்கூரி இடுகாட்டில் இருக்கிறது, கொரியர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். அதற்கும் முந்தி 1700-களின் தொடக்கத்தில் த்சுஷிமாத் தீவின் அறிஞர் அமெனோமோரி ஹோஷூ பூசானில் ஜப்பானியர்களுக்கென்று இருந்த வளாகத்தில் தங்கிக் கொரிய மொழி படித்தார், திரும்பிப் போய்த் தீவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பள்ளி வைத்தார். ஏமாற்றாமல், சண்டை போடாமல், உள்ளதை உள்ளபடி பேசிப் பழகுவதுதான் அண்டை நாட்டு உறவு என்று எழுதி வைத்தவர் அவர். 1990-ல் டோக்கியோ போன கொரிய அதிபர் ரோ டே-வூ அரண்மனை விருந்தில் அவர் பெயரைச் சொல்லிப் பேசினார். இருந்தாலும் கொரியப் பள்ளிப் பிள்ளை முதலில் கேள்விப்படுவது பீங்கான் தேடியவரைப் பற்றி இல்லை, வாள் கட்டியவரைப் பற்றித்தான்.

இனி நம் ஃபுகுவோகா ஆசிரியைக்கு வருவோம். அவர் இது எதையும் கையில் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் கையில் இருப்பது ஒரு பெட்டி இனிப்பு. ஜப்பானில் வெளியூர் போனால் 'ஒமியாகே' இல்லாமல் போகவும் மாட்டார்கள், வரவும் மாட்டார்கள். அதிலும் தனித்தனியாகக் காகிதம் சுற்றிய இனிப்பு, எத்தனை ஆசிரியர்களோ அத்தனை எண்ணிக்கை. பூசான் பள்ளியில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு விநாடித் தயக்கம் வரலாம். 2016 செப்டம்பர் 28 முதல் கொரியாவில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. அது அமலுக்கு வந்த முதல் நாளே, மாணவர் ஒருவர் பேராசிரியருக்கு டப்பா காபி கொடுத்தார் என்று போலீசுக்குப் புகார் போனது. ஆசிரியர் தினமான மே 15-ல்கூட மாணவர் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் ஒரு பூவைக் கொடுக்கலாம், தனிப்பட்ட முறையில் ஒருவர் போய்க் கொடுத்தால் தப்பு. வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து வரும் பிஸ்கட்டுக்கு அவ்வளவு கெடுபிடி வராது, ஆனாலும் பழக்கதோஷம், பெட்டியைப் பொதுமேசையில் எல்லோரும் பார்க்கத் திறந்து வைப்பார்கள்.

வாசலிலிருந்து மேசை வரைக்கும் நடுவில் இன்னும் சில விஷயங்கள். பழைய கொரியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் முற்றத்தில் சிலை இருக்கும்: எழுத்தை உருவாக்கித் தந்த அரசர் செஜொங், பக்கத்திலேயே கடற்படைத் தளபதி யி சுன்-சின். 1592-ல் ஜப்பானின் தொயொதொமி ஹிதெயோஷி அனுப்பிய படையைக் கடலில் மறித்து நொறுக்கியவர், 1598-ல் கடைசிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தவர். அவரைத் தாண்டித்தான் ஜப்பானிய விருந்தாளி உள்ளே போக வேண்டும். யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள், அவரும் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார், அல்லது நின்று தலைவணங்குவார். ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளே யி சுன்-சின்னை மதித்துப் படித்தவர்கள் என்பதால் தலைவணங்கினாலும் தப்பில்லை.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொள்வது இரண்டு நாட்டுக்கும் பொது. வகுப்பில் அடி எடுத்து வைத்ததும் இன்னொரு பழக்கமான சத்தம். ஜப்பானில் வகுப்புத் தலைவன் 'எழுந்திரு, வணங்கு, உட்கார்' என்று குரல் கொடுப்பான். கொரியாவில் 'நேராக நில், வணக்கம்'. இது காலனிக் காலத்து ராணுவ மிச்சம் என்று சொல்லிப் பல கொரியப் பள்ளிகள் விட்டுவிட்டன, வெறுமனே 'வணக்கம் டீச்சர்' என்று சொல்கிறார்கள். ஜப்பானில் இன்னும் விடவில்லை. தன் பள்ளியில் தினமும் கேட்கிற ஒரு சாதாரணக் குரலை அங்கே எதற்காக நிறுத்தினார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது, எந்த ஒப்பந்தத் தாளிலும் எழுதாத ஒரு பாடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதியச் சாப்பாட்டைப் பார்க்காமல் பள்ளியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஜப்பானில் பிள்ளைகளே வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் பரிமாறி, வகுப்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பெரும்பாலும் ஆசிரியரும் அங்கேயே. கொரியாவில் பெரிய சாப்பாட்டுக் கூடம், வரிசை, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஐந்து குழி: கீழே இடது பக்கம் சோறு, வலது பக்கம் சூப்பு, மேலே மூன்றில் கிம்ச்சியும் மற்ற இரண்டு தொடுகறியும். ஜப்பானியருக்குச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய் அருகே வைத்துச் சாப்பிடுவதுதான் ஒழுங்கு. கொரியருக்குக் கிண்ணத்தைத் தூக்கினால் ஒழுங்கீனம், சோற்றையும் சூப்பையும் கரண்டியால்தான் எடுக்க வேண்டும். பள்ளித் தட்டில் ஐந்து குழியும் ஒன்றாகப் பதிந்திருப்பதால் தூக்க வழியில்லை, அந்த மட்டில் ஆசிரியை பிழைத்தார். தட்டையான உலோகக் குச்சியால் வழுக்குகிற முள்ளங்கித் துண்டைப் பிடிக்கிறபோதுதான் எதிரே இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பார்கள்.

பேச்சில் வருகிற சறுக்கல் இதைவிட நுணுக்கமானது. வெளியாளிடம் பேசும்போது தன் பக்கத்து ஆளைத் தாழ்த்திச் சொல்வது ஜப்பானிய மரியாதை. தன் தலைமையாசிரியரைப் பற்றி வெளியாளிடம் சொல்ல வேண்டி வந்தால் 'சென்செய்' எல்லாம் போடாமல், வெறும் குடும்பப் பெயரும் பணிவான வினைச்சொல்லும்தான். கொரியாவில் அப்படிக் கிடையாது, பெரியவர் யாரிடம் பேசினாலும் பெரியவர்தான், நம் ஊர் மாதிரி. ஜப்பானிய முறையை அப்படியே கொரிய மொழியில் போட்டால், 'எங்க ஹெட்மாஸ்டர் சொன்னான்' என்று ஒருவர் நம்மிடம் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். என்ன இது, இவர்களுக்குள் ஏதாவது சண்டையா என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார்.

மாலையானதும் கேள்வி நேரம். கூட்டுப் பள்ளிப் பயணம் பற்றிய அறிக்கைகளில் கலாசாரம், நட்பு என்றெல்லாம் எழுதுவார்கள், ஆனால் இரண்டு நாட்டு ஆசிரியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேசுவது வேலை நேரத்தைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும்தான். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2018-ல் எடுத்த கணக்கில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பார்க்கிறார், கணக்கெடுத்த நாடுகளிலேயே அதிகம். கொரிய ஆசிரியருக்கு அதுவே 34 மணி நேரம். பெரிய வித்தியாசம் 'புகாத்சு', அதாவது பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் விளையாட்டு, இசை மன்றங்கள். அவற்றை மாலையிலும் சனி ஞாயிறிலும் ஆசிரியர்தான் கட்டி இழுக்கிறார். கூடுதல் நேரத்துக்கு மணிக்கணக்கில் சம்பளம் கிடையாது, 1971-ல் வந்த ஒரு சட்டப்படி மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடிவந்தார்கள். அதைப் படிப்படியாக 10 சதவீதமாக்க 2025-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கொரியப் பள்ளியில் நாலரை, ஐந்துக்கே ஆசிரியர்கள் பையை எடுப்பதைப் பார்த்து நம் ஆசிரியைக்கு வாய் பிளந்திருக்கும். பிள்ளைகள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை, தனிப்பயிற்சி மையமான 'ஹக்வோன்' வண்டியில் ஏறுகிறார்கள், சோலில் ராத்திரி 10 மணிக்கு மேல் அவை நடக்கக் கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது.

கொரிய ஆசிரியர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. 2023 ஜூலையில் சோலில் ஒரு இளம் தொடக்கப் பள்ளி ஆசிரியை தன் பள்ளியிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர்களின் தொந்தரவைப் பற்றிப் பல வருஷமாக அடங்கிக் கிடந்த கோபம் அதோடு வெளியே வந்தது, வாராவாரம் சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் சோல் தெருக்களில் உட்கார்ந்தார்கள். ஜப்பானில் இதே வகைப் பெற்றோருக்கு 'மான்ஸ்டர் பேரண்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வரலாற்றில் ஒத்துப்போக முடியாதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் இரண்டே நிமிஷத்தில் ஒத்துப்போய்விடுவார்கள்.

அப்படியானால் வரலாறு மேசைக்கு வருவதே இல்லையா? பெரும்பாலும் வராது. ஜப்பானியப் பாடத்திட்ட வழிகாட்டியின் 2017 திருத்தம், தகேஷிமா ஜப்பானுக்குச் சொந்தமான நிலம் என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. கொரியர்கள் தோக்தோ என்று சொல்லும் அதே பாறைத் தீவு கொரியாவின் நிலம் என்று அங்கே தொடக்கப் பள்ளியிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள், பல பள்ளிகளில் அதன் படமோ மாதிரி உருவமோ கண்ணில் படும்படி இருக்கும். இரண்டு ஆசிரியர்களும் அவரவர் அரசு சொன்னதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எனவே கூட்டு வகுப்பில் கிம்ச்சி செய்வார்கள், யுகாதா கட்டிப் பார்ப்பார்கள், காகிதம் மடிப்பார்கள். இது வெறும் சாப்பாடும் உடையும்தானே என்று கேலி செய்கிறவர்கள் உண்டு, அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. இதற்கு மேல் போக முடியாது என்று மட்டும் சொல்ல முடியாது: ஹிரோஷிமா ஆசிரியர் சங்கமும் கொரியாவின் தேகு நகர ஆசிரியர்களும் பல வருஷம் போய் வந்து பேசி 2005-ல் ஒரு பொதுத் துணைப்பாட நூலையே கொண்டுவந்தார்கள். 1607 முதல் 1811 வரை பன்னிரண்டு தடவை கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போன 'தொங்சின்சா' தூதுக்குழுக்களைப் பற்றியது அது. ஹிதெயோஷியின் படையெடுப்பையும் அதில் விட்டுவிடவில்லை. முதல் தடவை வந்த விருந்தாளியோடு இதைச் செய்ய முடியாது. பத்தாவது தடவை வந்தவரோடு முடியும்.

பத்துத் தடவை வருவதுதான் பிரச்சினையே. அரசியல் ஒரு பக்கம். 2001-ல் ஒரு ஜப்பானிய வரலாற்றுப் பாடநூலுக்கு அங்கே அனுமதி கிடைத்ததும் கொரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது, மாணவர் பயணங்கள் வரிசையாக நின்றன. 2005-ஐ இரு நாட்டு நட்பு ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள், அந்த வருஷமே மார்ச்சில் ஜப்பானின் ஷிமானே மாகாணம் 'தகேஷிமா நாள்' கொண்டாட விதி போட, கொரியாவின் வட கியொங்சாங் மாகாணம் ஷிமானேயோடு இருந்த சகோதர உறவையே முறித்துக்கொண்டது. 2012 ஆகஸ்டில் கொரிய அதிபர் லீ மியுங்-பாக் அந்தத் தீவில் போய் இறங்கினார். 2019 ஜூலையில் ஜப்பான் சில வேதிப்பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் கொரியாவில் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு. 2018-ல் ஜப்பான் போன கொரியப் பயணிகள் 75 லட்சம் பேர், அடுத்த வருஷம் அது 56 லட்சமாகக் குறைந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தாவது பள்ளிப் பிள்ளைகளின் பயணம். ஏனென்றால் ஒரு பெற்றோர் 'பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?' என்று கேட்டாலே போதும், தலைமையாசிரியர் கையை விரித்துவிடுவார். அந்த மாதிரி நேரத்தில் நூலைப் பிடித்து வைத்திருப்பது தனியாகப் போய் வரும் ஆசிரியர்தான். 2024-ல் ஜப்பான் போன கொரியர்கள் 88 லட்சம், கொரியா போன ஜப்பானியர்கள் 32 லட்சம். ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசியலைவிட அதிகமாக இந்த உறவுகளைக் கொல்வது வேறொன்று, அதை யாரும் செய்தியாக எழுத மாட்டார்கள்: மாற்றல். இரண்டு நாட்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியர் சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். கொரியாவில் புதுக் கல்வியாண்டு மார்ச்சில், ஜப்பானில் ஏப்ரலில். பூசான் பள்ளியில் மார்ச் முதல் தேதி புது ஆள் வந்து, ஒரு மாதத்தில் கொஞ்சம் பழகி, மின்னஞ்சல் எழுதுகிற சமயத்தில் ஃபுகுவோகாவில் அதைப் படிக்க வேண்டியவர் ஏப்ரல் முதல் தேதி மாற்றலாகிப் போயிருப்பார். கையெழுத்துப் போட்ட படம் சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும், உறவு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பயணத்துக்கு ஆகஸ்டின் கடைசி வாரத்தைப் பலர் தேர்ந்தெடுப்பதும் இந்த நாள்காட்டியால்தான். கொரியாவில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும், ஜப்பானில் பல ஊர்களில் இன்னும் விடுமுறை ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மட்டும் யாரும் தேதி குறிக்க மாட்டார்கள், கொரியாவுக்கு அது விடுதலை நாள்.

மொழி விஷயத்தில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கொரிய உயர்நிலைப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி 1973-லேயே பாடமாகிவிட்டது. 2021 கணக்கில் கொரியா முழுக்க அதைப் படிப்பவர்கள் சுமார் 4.7 லட்சம். அதே 1973-ல் ஜப்பானில் கோபே நகரின் ஒரு மாலை நேர உயர்நிலைப் பள்ளி கொரிய மொழியை முறையான பாடமாக வைத்தது, ஆனால் அது விதிவிலக்காகவே ரொம்ப நாள் இருந்தது. இப்போது கொரியப் பாட்டும் நாடகத் தொடரும் பார்த்துத் தானாகவே படிக்கிற ஜப்பானியப் பிள்ளைகள் ஏராளம், பல பள்ளிகளில் ஆசிரியரைவிட அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும்.

நம் ஆசிரியை கிளம்புவதற்கு முன்னால் ராத்திரி உட்கார்ந்து செய்த ஒரு வேலையைச் சொல்ல மறந்துவிட்டேன். பூசான் வகுப்பில் இருக்கிற முப்பது பிள்ளைகளின் பெயர்களையும் ஜப்பானிய கதகானா எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். முன்பெல்லாம் இந்தச் சிரமம் கிடையாது, கொரியப் பெயரின் சீன எழுத்தை ஜப்பானிய முறையிலேயே படித்துவிட்டுப் போவார்கள். பின்னாளில் கொரிய அதிபரான கிம் டே-ஜுங் ஜப்பானியச் செய்தியில் 'கின் தைச்சூ' ஆக இருந்தவர்தான். ஜப்பானில் வாழ்ந்த கொரியப் பாதிரியார் சொய் சாங்-ஹ்வா, தன் பெயரை 'சாய் ஷோக்கா' என்று படித்ததற்காக 1975-ல் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே மேல் ஒரே ஒரு யென் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1988-ல் வழக்கு தள்ளுபடியானது, ஆனால் அதற்குள் நாடே பழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தது. 1984-ல் கொரிய அதிபர் சுன் டூ-ஹ்வான் டோக்கியோ வந்ததை ஒட்டிக் கொரிய உச்சரிப்பிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கதகானாவில் 'ன்' தவிர வேறு மெய்யெழுத்து சொல்லின் கடைசியில் நிற்காது. 'கிம்' என்று எழுத முடியாது, 'கிமு' என்றுதான் எழுதலாம். அதனால் வருகைப் பதிவை அவர் கையில் கொடுத்து, நீங்களே படியுங்கள் சொன்செங்நிம் என்று பிள்ளைகள் கேட்டதும், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'கிமு' என்று ஆரம்பிக்கிறார். வகுப்பு சிரிக்கிறது. முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, உதட்டை அழுத்தி மூடிக் காட்டுகிறாள். கிம். மறுபடி சொல்லுங்கள். கிமு. இல்லை, கிம், வாயை மூடிவிட வேண்டும், திறக்கக் கூடாது. ஆசிரியை வாயை மூடிப் பார்க்கிறார்.